எத்தனை கிலோ எடுப்பீங்க, டாக்டர்?

டாக்டரம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். தப்பான இடத்தில் வாயைத் திறந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அந்த இடம் கன்றிப்போய்த்தான் இருக்கிறது.

"சார், இது எடை குறைக்கற ஆபரேஷன் இல்ல. வடிவத்தைச் சரிபண்ற ஆபரேஷன். எடை குறையணும்னு வந்திருந்தீங்கன்னா இப்பவே கிளம்பிடலாம், நான் தப்பா நினைக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் தராசு பழுது பார்க்கிறவன். நகைக்கடைத் தராசிலிருந்து பழைய இரும்புக்கடையின் பிளாட்பாரத் தராசு வரைக்கும் என் கைபடாத தராசு இந்தப் பக்கத்தில் கிடையாது. எதை எடுத்தாலும் எதை வைத்தாலும் தராசு காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பிச் சோறு தின்கிறவனிடம், உடம்பிலிருந்து எடுப்போம் ஆனால் எடை குறையாது என்றால் என்ன அர்த்தம்? யாரிடம் காது குத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எடையைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் என் காது வாங்கவில்லை.

ஆனால் இவள் அங்கே எடைக்காக வரவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. வருஷக்கணக்கில் ஊசி, மாத்திரை என்று அலைந்தோம். கடைசியில், போதும், இனி வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே முடிவு செய்தோம். சிகிச்சை நின்றது, அது போட்டுவிட்டுப் போன சதை மட்டும் போகவில்லை. இவள் நடந்தாள், சாப்பாட்டைப் பாதியாக்கினாள். கை இளைத்தது, கழுத்து இளைத்தது, பழைய ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. அடிவயிறு மட்டும் மசியவில்லை. ஒல்லியான உடம்பில் வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். மருந்துக்கடையில் வரிசையை விட்டு முன்னால் வரச் சொல்வார்கள். முன்பின் தெரியாதவர்கள் வாய் நிறையச் சிரிப்போடு "எத்தனாவது மாசம்?" என்பார்கள். நல்ல மனசோடு கேட்கிறவர்களைத் திட்டவும் முடியாது. இவள் ஒப்புக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள், தேய்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

"எனக்கு அழகெல்லாம் வேணாம், டாக்டர்," என்றாள் அன்றைக்கு. "யாரும் கேக்காம இருந்தா போதும்."

டாக்டரம்மா எழுந்து வந்து இவளை நிற்க வைத்து, அடிவயிற்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். ஜவுளிக்கடையில் துணியைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"இதோ, என் கைக்குச் சிக்குது பாருங்க. இது தோலுக்கும் தசைக்கும் நடுவுல இருக்கற கொழுப்பு. கைக்குச் சிக்கறதுதான் குழாய்க்கும் சிக்கும். குடலைச் சுத்தி உள்ளே ஒரு கொழுப்பு இருக்கும், அதை யாராலும் உறிஞ்சி எடுக்க முடியாது. உங்களுக்கு அது மட்டும் இருந்திருந்தா இந்த ஆபரேஷனால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்."

படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, நடுவயிற்றில் தசை விலகியிருக்கிறதா, குடல் பிதுங்குகிறதா என்று அழுத்திப் பார்த்தார். அது போதாதென்று ஒரு ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான். நானும் ஒரு தராசைத் திறப்பதற்கு முன்னால் பழுது தராசில்தானா, அல்லது அதை வைத்திருக்கிற பலகை ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திருப்புளியை எடுப்பேன்.

மரியாதை வந்தால் எனக்குக் கேள்வியும் வந்துவிடும்.

"எப்படி எடுப்பீங்க? வெட்டியா?"

அவர் ஒரு இழுப்பறையைத் திறந்து நீளமான எஃகுக் குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பென்சில் தடிமன்கூட இல்லை. நுனிக்குப் பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள். பழக்கதோஷத்தில் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன்.

"முனை மழுங்கிக் கிடக்குதே?"

"மழுங்கித்தான் இருக்கணும். கூரா இருந்தா ரத்தக்குழாயை வெட்டிடும். தொப்புள்கிட்ட ஒண்ணு, கீழ மடிப்புல ரெண்டு, அரிசி நீளத்துக்குத் துளை போடுவோம். அது வழியா முதல்ல உப்புத்தண்ணி ஏத்துவோம். அதுல மரத்துப்போற மருந்தும் ரத்தக்குழாயைச் சுருக்கற மருந்தும் கலந்திருக்கும். தோல் வெளுத்து விறைப்பா ஆகற வரைக்கும் காத்திருப்போம். அப்புறம் இந்தக் குழாயை உள்ளே விட்டு முன்னும் பின்னுமா நகர்த்தினா கொழுப்பு கழண்டு வரும். இந்தப் பக்கம் மோட்டார் உறிஞ்சிக்கும்."

"எவ்வளவு தண்ணி ஏத்துவீங்க?"

"எடுக்கற அளவுக்கு ஏத்துவோம். சில சமயம் அதுக்கும் மேல."

இதைக் காதால் கேட்டேன், தலையை வேறு ஆட்டினேன். பின்னால் நான் பண்ணின கூத்துக்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

இவள் கேட்டது வேறு. மறுபடியும் ஊதுமா என்று கேட்டாள். எடுத்த கொழுப்பு திரும்பி வராது, ஆனால் மிச்சம் இருப்பது எடை கூடினால் பெருக்கும், அதனால் நடையை விடக்கூடாது என்றார். தோல் தொங்குமா என்று கேட்டாள். உங்கள் தோலில் இழுவை இருக்கிறது, பெரும்பாலும் சுருங்கிவிடும், ஆனாலும் உத்தரவாதம் எழுதிக் கேட்காதீர்கள் என்றார். உயிருக்கு ஆபத்தா என்று கேட்டாள். அதற்கு அவர் பூசி மெழுகவில்லை.

"சின்ன விஷயம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இதுவும் ஆபரேஷன்தான். ரத்தம் காலில் கட்டி நுரையீரலுக்குப் போகலாம், கிருமி தாக்கலாம், மேடுபள்ளமா ஆறலாம். அதெல்லாம் அபூர்வம். அபூர்வமா இருக்கறதுக்குத்தான் ஒரே தடவையில அளவுக்கு மேல எடுக்க மாட்டோம், அன்னிக்குச் சாயங்காலமே உங்களை எழுப்பி நடக்க வைப்போம். கெண்டைக்கால் வலிச்சாலோ மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் அடிச்சாலோ உடனே வந்துடணும்."

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் இவளை நிற்க வைத்தே வயிற்றில் மை பேனாவால் கோடு போட்டார்கள். படுத்தால் சதை பக்கவாட்டில் சரிந்துவிடுமாம், அளவு தப்பிவிடுமாம். மலையின் உயரம் காட்டும் வரைபடம் மாதிரி வட்டத்துக்குள் வட்டம். இவள் குனிந்து பார்த்துவிட்டு, "உங்க கொழுப்பையும் இப்படிக் கோடு போட்டு எடுக்கச் சொல்லட்டா?" என்றாள். பயத்தில் அவளுக்குக் கேலி கூடும்.

வெளியே உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன், போகிற வருகிற சிஸ்டரையெல்லாம் பிடித்து இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கடைசியில் டாக்டரம்மா முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது என்றார். எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் கேள்வியும் வந்தது.

"எடுத்ததைப் பாக்கலாமா?"

என்னை விட்டால் போதும் என்றோ என்னவோ, ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டச் சொன்னார். மேலே மஞ்சளாக, உருகி உறைந்த வெண்ணெய் போலக் கொழுப்பு. அடியில் சிவந்த தண்ணீர். ஜாடியின் மேல் லிட்டர் கோடுகள் இருந்தன. லிட்டர் கணக்கு எனக்குப் பிடிக்காது.

"ஒரு நிமிஷம் எடை போட்டுப் பாக்கலாமா சிஸ்டர்? ஜாடி எடையைக் கழிச்சுடலாம்."

"சார், போய் உங்க வீட்டம்மாவைப் பாருங்க," என்றார் சிஸ்டர். ஜாடி உள்ளே போய்விட்டது.

இவள் மயக்கம் தெளிந்து, மார்புக்குக் கீழிருந்து தொடை வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற உறை ஒன்றுக்குள் கிடந்தாள். வீக்கம் ஏறாமல் இருக்கவும் தோல் ஒட்டிக்கொள்ளவும் அதை வாரக்கணக்கில் போட்டிருக்க வேண்டுமாம். வலி எப்படி என்று கேட்டேன். பழக்கமில்லாமல் ஒரு நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கியது போல இருக்கிறது என்றாள். சாயங்காலம் என் தோளைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீடு என்பது கடைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைதான். வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் விரிப்பெல்லாம் ரோஜா நிறத்தில் நனைந்துவிட்டது. தையல் போடாத துளைகள் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"பிளாஸ்டிக் ஷீட் விரிங்க, பழைய துண்டு போடுங்கன்னு சொன்னேனே சார், விரிச்சீங்களா? அது ரத்தம் இல்ல. நாங்க ஏத்தின தண்ணிதான் வருது. வந்தா நல்லதுதான்."

அவரும் சொல்லிவிட்டார். பார்த்தீர்களா? எனக்கு இரண்டாவது தடவையாகச் சொல்லப்பட்டது.

அடுத்த நாள் காலையில் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். நான் மேசையில் ஒரு தராசைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மூலையில் இருந்த பிளாட்பாரத் தராசையே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் அதில்தான் ஏறி எடை பார்த்துவிட்டுப் போனாள். இரண்டு பேரும் ஒரே தொழில்காரர்கள், வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கும் அந்தப் புத்தி வந்திருக்காது.

எதையும் அரைகுறையாகச் செய்கிற வழக்கம் என்னிடம் இல்லை. அவளுடைய உறை மாதிரியே மாற்று உறை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைத் தனியாக நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டேன். பஞ்சுக்கும் கட்டுக்கும் ஒரு கணக்கு வைத்தேன். தராசின் சமதளம் பார்த்தேன், எடைக்கல்லை வைத்துச் சோதித்தேன். அப்புறம்தான் அவளைக் கைபிடித்து ஏற்றினேன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ஏற்றுவார், மற்றவர் வாசிப்பார். வாசிக்கிறவர் கண்ணில் பட்டதைப் பட்டபடி சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். மனசுக்குள் வைத்து யோசிக்கக் கூடாது, கூட்டிக் குறைத்துச் சொல்லக் கூடாது. இத்தனை வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அப்படித்தான் கத்திக்கொண்டிருக்கிறோம். நானும் வாசித்தேன், சத்தமாக. உறை, பஞ்சு எல்லாவற்றையும் கழித்த பிறகும் முன்பு இருந்ததைவிட இரண்டு கிலோ அதிகம்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதுக்கே எட்டியது.

"திரும்பச் சொல்லுங்க," என்றாள்.

நான் சொல்லவில்லை. அவளே குனிந்து பார்த்தாள். எங்கள் தராசு பொய் சொல்லாது என்று அவளுக்கும் தெரியும், அந்தத் தராசைச் சரிசெய்ததே அவள்தான். முகம் அப்படியே தொங்கிப்போனது.

"ஏமாத்திட்டாங்க. இல்லன்னா என் உடம்புக்கே இது விதிச்சிருக்கு. ஊசி போட்டாலும் ஏறுது, உறிஞ்சினாலும் ஏறுது. இந்த வயிறு என்னை விடாதுங்க. நான் சாகற வரைக்கும் எத்தனாவது மாசம், எத்தனாவது மாசம்னு..."

சொல்லிக்கொண்டே உறையின் கொக்கிகளைப் படபடவென்று கழற்ற ஆரம்பித்தாள். வேண்டாம், வேண்டாம் என்று நான் ஓடி வருவதற்குள் பாதி கழன்றுவிட்டது. அவள் முகம் வெளுத்தது. "இருட்டிட்டு வருது," என்றாள். அப்படியே என் மேல் சாய்ந்தாள்.

எப்படித் தரையில் படுக்க வைத்தேன், எப்படிப் போன் போட்டேன் என்று தெரியாது. சிஸ்டர் குரல் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லை, அழுதேன்.

"காலைத் தூக்கி ஏதாவது பலகைமேல வைங்க. மூச்சு நல்லா விடறாங்களா? பேசறாங்களா? சரி. இறுக்கிப் பிடிச்சிருந்ததைத் திடீர்னு விட்டா ரத்தம் இறங்கி மயக்கம் வரும். படுத்த மேனிக்கே கொக்கியை மாட்டுங்க. கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணி குடுங்க. எதுக்கு சார் கழட்டினாங்க?"

சொன்னேன்.

"யார் சார் உங்களைத் தராசுல ஏத்தச் சொன்னது?"

"எங்க கடையே தராசுக் கடைம்மா."

"ஆபரேஷன்ல நாங்க ஏத்தின தண்ணி பாதிகூட இன்னும் வெளிய வரல. கையில ஏத்தின குளுக்கோஸ் வேற. அது போக, அடிபட்ட இடத்துல உடம்பு தானாவே நீர் கோத்துக்கும். வீக்கம் இன்னும் ரெண்டு மூணு நாள் ஏறும், அப்புறம்தான் வடியும். யாரா இருந்தாலும் எடை கூடத்தான் செய்யும். டாக்டர் முதல் நாளே சொன்னாங்களே?"

சொல்லியிருப்பார். நான்தான் கோபத்தில் காதை மூடிக்கொண்டேனே. உறையின் எடையைக் கழித்தேன், பஞ்சின் எடையைக் கழித்தேன், ஜாடியைக்கூடக் கழிக்கத் தயாராக இருந்தேன். கண்ணெதிரில் விரிப்பை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கழிக்க எனக்குத் தோன்றவில்லை. போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் இவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். தரையில் படுத்தபடி, கால் இரண்டும் பலகைமேல் இருக்க, கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"பெரிய தராசுக்காரர்."

அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வேடிக்கை பார்க்க நிறைய இருந்தது. வயிற்றில் இருந்த கன்றல் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டுத் தொடைக்கு இறங்கியது. கத்தரிக்காய் நிறம், பச்சை, மஞ்சள் என்று தினம் ஒரு நிறம். வீக்கம் வடிந்ததும் உள்ளே கட்டி கட்டியாகக் கெட்டித்தது. டாக்டரம்மா சொன்னபடி, அவர் சரி என்ற பிறகு, தினமும் இதமாக நீவிக் கொடுத்தேன். தோல் மரத்துப்போய், தொட்டால் வேறு யாரையோ தொடுவது போல இருக்கிறது என்றாள். அப்புறம் உணர்ச்சி திரும்புகிறபோது எறும்பு ஊர்கிற அரிப்பு. ஒரு நாள் வயிறு தட்டையாகத் தெரியும், மறுநாள் உப்பித் தெரியும், இவள் மனசும் அதோடு ஏறி இறங்கும். முழு வடிவம் தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்று அவர் சொன்னதை இந்தத் தடவை நான் ஒழுங்காகக் கேட்டிருந்தேன். பிளாட்பாரத் தராசை ஒரு சாக்கால் மூடி வைத்தேன்.

மெல்ல மெல்ல வயிறு அடங்கியது. ஒரு நாள் பஸ்ஸில் போய்விட்டு வந்து, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை, கால் கடுக்க நின்றுகொண்டே வந்தேன் என்று அப்படி ஒரு சந்தோஷத்தோடு சொன்னாள். முடிந்தது, பிழைத்தோம் என்று நான் நினைத்தேன்.

அப்போதுதான் பேக்கரி அம்மா வந்தார். அவர் பக்கத்து ஊர்க்காரர், வருஷத்துக்கு ஒரு தடவை தராசைச் சரிபார்க்கக் கொண்டுவருவார். போன வருஷம் வந்தபோது இவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, பாரம் தூக்காதே, நிறையத் தண்ணீர் குடி, முதல் மூன்று மாதம் குழந்தையை யாரிடமும் கொடுக்காதே என்று அரை மணி நேரம் புத்தி சொல்லிவிட்டுப் போனவர். இவளும் மறுத்துப் பேச மனம் வராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் தராசோடு உள்ளே நுழைந்தவர் இவளைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது. சத்தம் போடாமல் தராசை மேசையில் வைத்தார், பின்னறைப் பக்கம் கழுத்தை நீட்டினார், குரலை ரொம்பத் தாழ்த்தி இவளிடம் கேட்டார்.

"தூங்குதா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நாங்களும் நினைக்கவில்லை, டாக்டரம்மாவும் சொல்லவில்லை. இதற்கு "எத்தனாவது மாசம்" எவ்வளவோ தேவலை. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். இவள் முந்திக்கொண்டாள்.

"யாரும் தூங்கலம்மா. எங்களுக்குக் குழந்தை இல்ல."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். பேக்கரி அம்மா பதறிப்போய் இவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. போன வருஷமும் இல்ல, அதுக்கு முன்னாடியும் இல்ல. அது கொழுப்பு. ஆபரேஷன் பண்ணி உறிஞ்சி எடுத்துட்டேன்."

"நான் என்னென்னவோ பேசினேனே அன்னிக்கு. என் வாயில மண்ணு."

"நீங்க நல்லதாத்தாம்மா பேசினீங்க. நான்தான் இல்லன்னு சொல்லல. சொல்ல வரல எனக்கு."

பாவம் என்பது ஒரு பக்கம், தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஒரு பக்கம், பேக்கரி அம்மா முகத்தில் இரண்டும் இழுபறியாக நடந்தது. கடைசியில் அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"உறிஞ்சறதுன்னா? எப்படிம்மா உறிஞ்சுவாங்க?"

இவள் முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். மழுங்கின குழாய், உப்புத்தண்ணி, மை பேனா, தாழ்வாரத்து நடை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தன்னைத் தராசில் ஏற்றி மயக்கம் போட வைத்த மகானுபாவர் இவர்தான் என்று என்னைக் கை காட்டினாள். பேக்கரி அம்மா சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தன் இடுப்புச் சதையைக் கிள்ளி, இது சிக்குமா பார் என்று இவளிடமே கேட்டார். எல்லாம் அடங்கிய பிறகு மெதுவாக இவள் பக்கம் திரும்பினார்.

"குழந்தை இல்லன்னு ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா?"

"இருக்கும்மா," என்றாள் இவள். "ரொம்ப இருக்கு."

எங்கள் இரண்டு பேருக்கு வெளியே இன்னொருவரிடம் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பேக்கரி அம்மா மறுபடியும் இவள் கையைப் பிடித்துக்கொண்டார். இவள் அந்தக் கையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, டீ போட உள்ளே எழுந்து போனாள்.